நின்ற பம்பில் 0.6

மார்ச் 3
இன்று முதல் நானும் அண்ணனும் ஒரே ஷிப்ட். பம்பு பம்பாகப் போய் அதிர்வு பார்ப்பது வேலை. கருவியின் காந்தம் உடைந்துபோனதால் முனையை அண்ணன் கையாலேயே மோட்டார்மேல் அழுத்திப் பிடிக்கிறார்; நான் திரையைப் பார்த்து எழுதுகிறேன். மோட்டாரில் நிமிடத்துக்கு 1500 சுற்று என்று பொறித்திருக்கும். அறுபதால் வகுத்தால் நொடிக்கு 25, அதாவது 25 ஹெர்ட்ஸ். வகுத்து வகுத்தே என் காலம் போகிறது.

மூன்றாம் பம்பு பழுது, வயரைக்கூடக் கழற்றியாயிற்று. பக்கத்துப் பம்புகளின் அதிர்வு இதில் எவ்வளவு வந்து ஏறுகிறது என்று இதையும் அளக்க வேண்டும். திரையில் 1.1 ஹெர்ட்ஸில் குட்டியாக ஒரு மேடு. இவ்வளவு மெதுவாக இங்கே எதுவும் ஓடவில்லையே?

மார்ச் 5
மறுபடியும். 0.9.

மார்ச் 6
0.75. இறங்கிக்கொண்டே வருகிறது. படியேறிய களைப்பில் மூச்சு வாங்க உட்கார்ந்த அண்ணன், "பேய்க்கும் வயசாகுதும்மா, நம்மள மாதிரி" என்றார். சிரித்தேன். ஆனால் அந்த அறையில் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டுதான் நின்றேன்.

மார்ச் 9
0.6. செத்த மோட்டாருக்குள் என்ன துடிக்கிறது? மேலாளரிடம் சொன்னேன். கருவிக் கோளாறு, புதுக் காந்தம் வரட்டும் என்றுவிட்டார்.

அதே நாள் மாலை
மகளுக்குக் காய்ச்சல். கிளினிக்கில் நர்ஸ் நாடி பார்த்து நிமிடத்துக்கு நூற்றிருபது என்றார். பழக்கதோஷம், மனசு தானாக வகுத்தது: 2 ஹெர்ட்ஸ்.

அய்யோ. அப்படியானால் 0.6-ஐ அறுபதால் பெருக்கினால்? முப்பத்தாறு. யாருடைய முப்பத்தாறு? முனையைப் பிடித்திருந்தது யார் கை?

அங்கிருந்தே போன் போட்டேன். அண்ணி எடுத்தார். "அசதியா இருக்குன்னு இப்பதான் படுத்தார். எழுப்பட்டுமா?"

"எழுப்புங்க அண்ணி, உடனே எழுப்புங்க."

போனை வைக்காமலே போனார். அவரைக் கூப்பிடுவது கேட்டது. கொஞ்சம் சத்தமாக. இன்னும் சத்தமாக. கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

மார்ச் 10
டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நாலு தடவை — அவர் நாடியை நாலு தடவை என் கையாலேயே எழுதியிருக்கிறேன், பம்பின் கணக்கில். முப்பத்தாறு என்று காட்டியிருந்தால் அப்படியே இழுத்துக்கொண்டு ஓடியிருப்பேனே. பாவி நான், 0.6-ஐப் பார்த்துப் பேய்க்குப் பயந்துகொண்டிருந்தேன்.

மார்ச் 17
அண்ணன் இடத்துக்குப் புது ஆள் வந்திருக்கிறார். வந்ததும் மூன்றாம் பம்புக்குக் கூட்டிப்போய் முனையைக் கையால் பிடிக்கச் சொன்னேன். எதுக்கு மேடம், அது ஓடலையே என்றார். பிடிங்க என்றேன். 1.2. எழுபத்திரண்டு என்று எழுதினேன். பிறகுதான் மற்ற பம்புகளுக்குப் போனோம்.