கோயில் இல்லாத தோட்டப்படம்

மாயெபூர் அருகே,
22 ஆகஸ்ட் 1953

அன்புள்ள வேதவல்லிக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம், இருமலும் நின்றுவிட்டது.

இந்தத் தீவின் கரும்புத் துரையின் பழைய தோட்டத்தை நீர்வண்ணத்தில் வரைபடமாக்கும் வேலை முடியப்போகிறது. வியாழனன்று துரை வந்து பார்த்தார். கரும்புத் தொழிலாளர்கள் கும்பிடும் சிறிய மாரியம்மன் கோயிலைக் காட்டி, "இது தோட்டத்தில் சேராது, படத்திலிருந்து கழுவி எடுத்துவிடும்" என்றார். ஆனால் அவருடைய ஐந்து நாய்களின் கல்லறைகளைப் பெயரோடு குறிக்க வேண்டுமாம்! அந்தக் கல்லறைகளைவிடக் கோயில் துரையின் வீட்டுக்கு நாற்பதடி அருகில் இருக்கிறது. நானே அளவுச் சங்கிலி பிடித்து இரண்டு முறை அளந்தேன். பிறகு எப்படிச் சேராமல் போகும்?

தோட்டக்காரர் மருதை சிரித்தார். "அய்யோ ஐயா, நாயாப் பொறந்திருந்தா நமக்கும் படத்துல ஒரு எடம் கெடச்சிருக்கும்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "பொய்ப் படம் வரையமாட்டேன்" என்று துரையிடமே சொல்லிவிட்டேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மரியாதை தவறினேனோ என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். அடுத்த கப்பலில் என்னை அனுப்பிவிட்டால் வருந்தாதே.

நம் காரைக்கால் வீட்டு முற்றத்தின் நீள அகலத்தை அளந்து எழுது. கிணறு எந்த மூலையில் என்பதையும் எழுது. சும்மா, ஓய்வில் வரைந்து பார்க்கத்தான்.

தபாலுக்குப் போகும் லாரி வாசலில் நிற்கிறது. படத்தில் கோயில் கொடிக்கு இன்று காலை சிவப்பு தீட்டினேன். அளவைவிடக் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. திருத்தப்போவதில்லை.

உன்,
சபாரத்தினம்