2091-இன் காமிராவில் பிரேமலதா

5 ஜனவரி 2025, ஞாயிறு

இன்றைக்கும் ஆட்டத்தில் சண்டை. மாட்டுங்காவில் சாய்நாத் வீட்டு டைனிங் டேபிள், நாலு பேர், பகடை, ஒரு தட்டு நிறைய வாழைக்காய் சிப்ஸ். ஆளுக்கொரு வேஷம் போட்டுக் கதைக்குள் ஆடும் ஆட்டம். கதையில் வருஷம் 2091, கடல் ஏறி பாதி முழுகிப்போன பம்பாய். சாய்நாத் கதை சொல்லுவான். ராஹில், பரீஹா, நான் மூன்று பேரும் திருடர்கள். எந்தச் சந்தில் நுழைந்தாலும் "காமிரா பாத்துடுத்து" என்கிறான். காமிரா என்ன, பகவானா? செம்பூரில் காமிரா மாட்டும் கம்பெனி ஆபீஸில் ஏழு வருஷமாக அந்தக் கழுதையைத்தானே மேய்க்கிறேன். லென்ஸில் புறா எச்சம், கடிகாரம் பதினோரு நிமிஷம் பின்னால், பதினைந்து நாளில் பழசெல்லாம் அழிந்துவிடும். எல்லாவற்றையும்விட, அதை யாரும் பார்க்கிறதே இல்லை. ஒருத்தர் மேல் சந்தேகம் வந்த பிறகுதான் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

"அப்போ நெஜ காமிரா ரிப்போர்ட் எப்படி இருக்கும்னு நீயே பண்ணிக் குடேன், மானசா" என்றான் சாய்நாத்.

பெருமையாக இருந்தது.

12 ஜனவரி

சாய்நாத் ஒரு டேப்லெட்டைச் சுவரில் சாய்த்து வைத்தான். அவன் அப்பா சந்திரமௌலி மாமா அந்தக் கட்டடத்துக் குடியிருப்பு சொசைட்டிக்கு செக்ரட்டரி. படிக்கட்டுக் காமிரா எல்லாம் அவர் ஆப்பில் வரும். எங்கள் கம்பெனி மாட்டினவைதான்.

திரையில் பிரேமலதா. தாராவியிலிருந்து வந்து அந்தக் கட்டடத்தில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். சாய்நாத் வீடும் அதில் ஒன்று. அவள்தான் 2091-இல் எதிரி உளவாளியாம். அடுத்து எந்த மாடியில் நிற்பாள் என்று பகடை உருட்டினோம். நாலாவது மாடி வளைவில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து சாப்பிட்டாள். அவள் சோறு உருட்டுவதை ராஹில் நடித்துக் காட்டினான். பரீஹா மட்டும் "சோடோ யார், கானா கா ரஹீ ஹை" — விடுப்பா, சாப்பிடறா — என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் சிரித்தேன். அரைமணி கழித்து அவளே உள்ளே வந்து எங்கள் சிப்ஸ் தட்டை எடுத்துப் போய்க் கழுவினாள்.

19 ஜனவரி

ஆபீஸிலிருந்து ரிப்போர்ட் படிவம் ஒன்றை எடுத்து, நிரப்பிக்கொண்டு போனேன். மேலே கம்பெனி பெயர். கீழே நேரம், மாடி, பார்த்தது. ஆறு வரி பிரேமலதா ஏறி இறங்கினது, ரெக்கார்டிங்கில் இருந்தபடியே. ஏழாவது வரி நானே போட்டது: "11.40. காலிப் பையுடன் ஏறியவர் நிறைந்த பையுடன் இறங்கினார்." ஆட்டத்துக்கு ஒரு சுவாரசியம் வேண்டாமா? 2091 என்று தேதி போட்டால் நிஜம் கெட்டுவிடும் என்று இந்த வாரத் தேதியையே போட்டேன். சாய்நாத் கைதட்டினான். தாளை டேபிளிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

23 ஜனவரி, வியாழன்

சீ. சீ.

சந்திரமௌலி மாமா அந்தத் தாளை நிஜ ரிப்போர்ட் என்று நினைத்து சொசைட்டி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். அதற்கப்புறம்தான் எல்லாரும் பீரோவைக் குடைந்திருக்கிறார்கள். ஒருத்திக்கு வெள்ளிக் கிண்ணம் காணோம், ஒருத்திக்கு டவல், ஒருத்திக்கு அரைக்கிலோ காப்பிப்பொடி. தேட ஆரம்பித்தால் எதுதான் காணாமல் போகாது! நாலு வீட்டு வாசலிலும் அவளை நிறுத்திவைத்து விசாரித்தார்களாம். இப்போது வாட்ச்மேன் கேட்டுக்குள்ளேயே விடுவதில்லை.

சாய்நாத்துக்குப் போன் பண்ணினேன். "நீ வாயைத் தொறந்தா உன் வேலைதான் போகும். அவளுக்கு வேற வீடா கெடைக்காது? விடுடி, டென்ஷன் எடுத்துக்காதே."

இவனோடு ரெண்டு வருஷமா ஒரே தட்டில் கை விட்டுத் தின்னிருக்கேனே! கர்மம். அவனைத் திட்டித் தீர்த்த பிறகு — ஏழாவது வரி யார் எழுதினது, அவனா?

24 ஜனவரி

ஒன்றும் பண்ணவில்லை. ஆபீஸ் போனேன், வந்தேன். த்தூ.

26 ஜனவரி

சொசைட்டியில் கொடியேற்றி ஜிலேபி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கமிட்டிக்காரர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். சொல்லிவிட்டேன். அது ஆட்டத்துக்கு எழுதினது, பை விஷயம் சுத்தப் பொய், எழுதினது நான்.

"ஆட்டமா? சரி சரி" என்றார் சந்திரமௌலி மாமா. "நாளைலேர்ந்து அவளை விடச் சொல்லிடறேன். இதைப் பெரிசு பண்ணாதே." ஜிலேபித் தட்டை என் பக்கம் நீட்டினார். அவ்வளவுதான்! ஒருத்தர் முகத்திலாவது வெட்கம் இருக்க வேண்டுமே. எனக்கு அந்த எண்ணெய் வாசனையே பொறுக்கவில்லை.

28 ஜனவரி

சொசைட்டியில் நான் சொன்னது ஆபீஸுக்குப் போயிருக்கிறது. கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். கம்பெனிப் படிவத்தில் பொய் எழுதியது. இந்த மாதத்தோடு என் வேலை சரி.

30 ஜனவரி

தாராவிக்குப் போனேன். கேட் திறந்தும் பிரேமலதா வேலைக்குப் போகவில்லையாம். அவள் வீட்டு வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பகடை, டப்பா, சிரித்தது, ஏழாவது வரி. என்னை உட்காரச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டேன்.

"நான் சாப்பிடுதத பாத்தா சிரிச்சிய?" என்றாள்.

அப்புறம், "கமிட்டில சொன்னா எனக்கென்ன? நாலு வாசல்ல நிக்க வச்சு என்னைய திருடின்னு கேட்டாவ. நீங்க அந்த நாலு வாசல்லயும் வந்து சொல்லணும். நான் பக்கத்துல நிப்பேன்" என்றாள்.

2 பிப்ரவரி, ஞாயிறு

போனோம். முதல் வீட்டில் டவல் வாஷிங் மெஷினுக்குள்ளேயே இருந்ததாம், சொல்ல மறந்துவிட்டதாம்! இரண்டாவது வீட்டில் கதவைப் பாதிதான் திறந்தார்கள். மூன்றாவதில் டிவி சத்தத்துக்கு மேல் கத்திச் சொன்னேன்.

நாலாவது சாய்நாத் வீடு. அவன் அம்மா ஷ்யாமளா மாமி திறந்தாள். உள்ளே டேபிளில் அவனும் ராஹிலும், நடுவில் பகடை. பரீஹா வரவில்லை. அவன் காதில் விழும்படி முழுசாகச் சொன்னேன். போனைப் பார்த்துக்கொண்டே இருந்தான், அருவருப்பான ஜென்மம்.

மாமி பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு பிரேமலதாவைப் பார்த்து, "சரி, ஆனது ஆச்சு. உள்ளே வா, பாத்திரம் மலையா கெடக்கறது" என்றாள்.

"வேலைக்கு வரல மாமி. இவிய சொல்லுதத கேக்கத்தான் வந்தேன்."

படியிறங்கினோம். கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்ததும் பிரேமலதா நின்று, "இதுக்கு ஒங்க ஆபீஸுல ஒண்ணும் சொல்லலியே?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.