படித்துக் காட்டாத ராஜி மனு

என் பிரியமான அப்பாவுக்கு,

நீங்கள் போய் இரண்டாவது ஆடி வந்துவிட்டது. திண்டிவனத்தில் வக்கீல்கள் சேர்ந்து உங்கள் படத்தைத் திறக்கப் போகிறார்களாம். சங்கச் செயலாளர் போன் செய்தார். "சார் மேல ஒரு புகார்கூட நின்னதில்லம்மா. அத வச்சி நீ ரெண்டு வார்த்த பேசிடு, போதும்." நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

புகார் நிற்கவில்லைதான். நிற்கவிடாமல் செய்தது யார்?

அஞ்சலையை நினைவிருக்கிறதா? விக்கிரவாண்டிக்கு அந்தப் பக்கத்து ஊர். கடலைக் கொல்லையில் கூலி வேலை செய்கிறவள். வீட்டுமனைக்காகப் பக்கத்து நிலத்துக்காரரோடு வழக்கு. "மல்லாட்டை புடுங்கற நாள்ல ஒரு கையெழுத்துக்காக பஸ்சு ஏறிக்கினு வருவியா? நாலு தாள்ல போட்டுட்டுப் போம்மா" என்றீர்கள். நாலு வெற்றுத்தாளிலும் போட்டாள். எல்லாரிடமும் அப்படித்தான் வாங்குவோம். அவள் கூலி கெடக் கூடாது என்றுதான் கேட்டீர்கள், அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அதில் ஒரு தாள் ராஜி மனுவாக மாறியதே! மனையில் பாதியை விட்டுக்கொடுக்கச் சம்மதம் என்று அவள் கையெழுத்துக்கு மேலே டைப் அடித்தது உங்கள் ஜூனியராக இருந்த நான்தான். "தீர்ப்பு வந்தா முழுசும் பூடும், பாதியாச்சும் மிஞ்சட்டும்" என்றீர்கள். இருக்கலாம். அதை அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அப்பா? குடிசை நின்ற பாதிதான் போனது. இடிக்க ஆள் வந்தபோதுதான் அவளுக்கு விஷயமே தெரிந்தது.

அவள் உங்கள் மேல் பார் கவுன்சிலில் புகார் கொடுத்தாள். ஒழுங்கு நடவடிக்கைக் குழு என்னைக் கேட்டது: "மனுவை அவருக்குப் படித்துக் காட்டினீர்களா?" நீங்கள் பக்கத்தில் மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தீர்கள். "நான்தான் படித்துக் காட்டினேன், சம்மதித்துத்தான் கையெழுத்துப் போட்டார்" என்றேன். சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொண்டு சொன்ன பச்சைப் பொய். திரும்பும்போது பஸ்சில் "நல்லா சொன்ன" என்றீர்கள். நான் எழுந்து பின் சீட்டுக்குப் போய்விட்டேன். வெயில் படுகிறதென்று நினைத்துக்கொண்டீர்கள்.

போன மாதம் விழுப்புரம் வீட்டுக்கு உங்கள் பீரோவைக் கொண்டுவந்தோம். உள்ளே பழைய வழக்குக் கட்டுகள். அஞ்சலையின் வழக்குக் கட்டுக்குள் மீதி மூன்று தாள், அடியில் அவள் கையெழுத்து, மேலே ஒன்றுமே இல்லை. ஏன் கிழித்துப் போடவில்லை? மறந்தீர்களா, இல்லை நான் பார்க்கட்டும் என்று விட்டீர்களா?

நடந்ததைக் கோர்ட்டில் சொல்லப்போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். "செத்தவர எதுக்குடி கூண்டுல ஏத்தற?" என்று ஒருநாள் முழுக்கச் சாப்பிடவில்லை. நீங்கள் மட்டுமா ஏறுகிறீர்கள், நானுந்தானே ஏறுகிறேன்!

ராஜியை ரத்து செய்ய அஞ்சலை பேரில் மனு தயார். நான் சாட்சி என்பதால் என் தோழி ஒருத்தி ஆஜராகிறாள். என் வாக்குமூலத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு அஞ்சலையிடம் போனேன். மீதிப் பாதியில் தகரம் போட்டு இருக்கிறாள். பேனாவை நீட்டியதும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"மொதல்ல படி. முழுசா படி."

படித்தேன். விசாரணையில் நான் பொய் சொன்னேன் என்ற வரி வந்ததும் நிறுத்தினாள். "அத இன்னொருக்கா படி." படித்தேன். "இன்னொருக்கா." மூன்றாம் முறையும் படித்தேன். அவள் திட்டவில்லை.

"ஊடு பூட்டது ஒருபக்கம். நீ அப்டி சொன்னதுல எம் புள்ளையே என்ன நம்பலம்மா. கையெழுத்து போட்டு ஊட்ட வுட்டுட்டு பொய் சொல்றன்னு பேச்ச நிறுத்திட்டான். மெட்ராசுல கீறான், வர்றதே இல்ல."

இந்த ஒன்று நமக்குத் தோன்றவே இல்லையே அப்பா. பாதி மனை என்று மட்டுந்தானே கணக்கில் வைத்திருந்தோம்.

பிறகு கையெழுத்துப் போட்டாள்.

திங்கட்கிழமை திண்டிவனத்தில் தாக்கல் செய்கிறோம். அந்தக் குழு என்னை மறுபடி கூப்பிடும். என் வக்கீல் சன்னது போகலாம், போகட்டும். உங்கள் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை, பாசமும் தீரவில்லை. அவள் மகனுக்குப் போன் செய்திருக்கிறேன். எடுக்கவில்லை. எடுக்கும்வரை செய்வேன். நான் கூண்டில் ஏறும் நாளில் அவனைக் கோர்ட்டில் உட்கார வைத்து, அவன் காதுபடச் சொல்வேன்: உன் அம்மா பொய் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் மூத்த மகள்,
தேன்மொழி