பதிலுக்கு விட்ட நேரம்

1938 ஜூன் 3
வாலாஜாபாத் செய்தியைத் தபாலில் சேர்த்துவிட்டு வந்தேன். வாசலில் பால்காரி தில்லையம்மாள். "சாமி, உங்க தம்பி மாடியில யாரோட பேசிக்கினு இருக்காரு? ஒண்ணு கேக்கறாரு, நிறுத்தறாரு, அப்பால சிரிக்கறாரு. அந்தப் பக்கம் சத்தமே இல்லியே."
பாடம் சொல்லித் தருகிறான் என்றேன்.
"யாருக்கு?"
செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

ஜூன் 5
முப்பது வருஷமாகப் பத்திரிகைக்கு எழுதுகிறவன். தெரிந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். தம்பி தேசிகன் லண்டனில் ஸ்பானிஷ் மொழியும் அதன் இலக்கியமும் கற்பிக்கிற பேராசிரியன். மனைவி இனேஸ் ஸ்பெயின் தேசத்தவள். தாயாரைப் பார்க்கப் பார்சலோனாவுக்குப் போனாள். அங்கே உள்நாட்டு யுத்தம்; மார்ச்சில் விமானங்கள் குண்டு போட்டன. அவர்கள் தெருவில் வீடுகள் நிற்கவில்லை. உடல் கிடைக்கவில்லை. ஆகையால் அவள் இறந்தாள் என்று தேசிகன் ஒப்புக்கொள்ளவில்லை. கல்லூரி லீவு கொடுத்து அனுப்பியிருக்கிறது. அக்டோபரில் திரும்பாவிட்டால் வேலை போய்விடும்.
வேலை போனால் போகட்டும். ஆள் தேறுவானா?

ஜூன் 6
என் மனைவி பூமா, பாச்சா வாத்தியாரை வரவழைத்தாள். உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையால் உருவம் கட்டி, அதை எரித்துக் கர்மம் செய்வது வழக்கம்.
"கோத்திரம் அவனோடதுதான். பேர்தான் என் வாயிலே நுழையணும்," என்றார் வாத்தியார். "ஊர் ஏதாவது சொல்லும். நான் வீடு வீடா சொல்லிண்டு போகப்போறதில்லை."
தேசிகன் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "உசிரோட இருக்கறவளை எரிக்கச் சொல்றேளா?"

ஜூன் 19
அவனிடம் ஸ்பானிஷ் படிக்கிறேன். மாடியில் அவன் என்ன பேசுகிறான் என்று எனக்குத் தெரிய வேண்டும். நல்ல ஆசிரியன். கேள்வி கேட்டால் பதில் வரும்வரை காத்திருக்கிறான், அவசரப்படுத்துவதில்லை.
பூமா: "இந்த வயசிலே உங்களுக்கும் சீமை பாஷையா? ஆத்துக்கு ஒருத்தர் போறாதா?"

ஜூலை 8
இன்று புரிந்தது. கவிதையும் இல்லை, பாடமும் இல்லை. சாப்பிட்டாயா, இனேஸ், என்று கேட்கிறான். குளிருகிறதா? ஜன்னலைச் சாத்தட்டுமா? ஒவ்வொன்றுக்கும் பிறகு காத்திருக்கிறான்.
காஞ்சிபுரத்தில் ஜூலையில் என்ன குளிர்?

ஜூலை 14
சாயங்காலம். படியில் நின்றிருந்தேன். சாப்பிட்டாயா என்று கேட்டான். ஏன் செஞ்சேன்னு தெரியலை — அந்த மௌனத்தைத் தாங்க முடியலை — சாப்பிட்டேன் என்று ஸ்பானிஷில் நான் பதில் சொல்லிவிட்டேன்.
உள்ளே நாற்காலி நகர்ந்தது. பிறகு கதவைத் திறந்தான். அவன் முகத்தைப் பார்க்க முடியலை.
"அண்ணா," என்றான். "ஒரு குரல் கேட்டப்பறம்தான் தெரியறது. இத்தனை நாளா அவ ஒரு வார்த்தை பேசலை."

ஜூலை 15
வாத்தியார் வீட்டுக்கு அவனே போய்வந்தான்.

ஜூலை 20
செவிலிமேட்டுப் பாலாறு. தண்ணீர் இல்லை, மணலில் ஊற்றுத் தோண்டிக் குளித்தோம். வாத்தியாருக்குப் பெயர் சரியாக வரவில்லை. தேசிகன் நிறுத்தினான். "இன்னொரு தரம் சொல்லுங்கோ." வகுப்பில் சொல்கிற அதே குரல். மூன்றாம் முறை வாத்தியார் திருத்தமாகச் சொன்னார். தேசிகன் தலையசைத்தான்; நெருப்பை வைத்தான்.
தர்ப்பை சீக்கிரம் எரிந்துவிட்டது.

செப்டம்பர் 2
தேசிகன் பம்பாய்க்குப் புறப்பட்டான், கப்பலுக்கு. ரயிலடியில் தயிர்சாத மூட்டையைப் பூமாவிடமிருந்து வாங்கிக்கொண்டு, "மன்னி, இதிலே பாதி லண்டனுக்கே போகும்," என்று சிரித்தான். இந்தச் சிரிப்புக்கு நாங்களும் பதிலுக்குச் சிரித்தோம்.
வண்டி நகரும்போது, "மாடியைப் பூட்டிடுங்கோ அண்ணா," என்றான்.

அக்டோபர் 4
அவன் வகுப்புகள் தொடங்கியிருக்கும். இங்கே பூட்டு இன்னும் வாங்கவில்லை.
ஊறுகாய் ஜாடியை மாடியில் வைக்கச் சொன்னாள் பூமா. கொண்டுபோய் வைத்தேன். மழைக்காற்று. ஜன்னலைச் சாத்தட்டுமா என்று கேட்டேன். எந்த மொழியில் கேட்டேன் என்பது பிறகுதான் உறைத்தது.
ஜன்னலைச் சாத்தவில்லை. நின்றேன்.
பூமா படியேறி வந்து பார்த்தாள். "யாரோட பேசிண்டிருக்கேள்?"
சற்றுப் பொறு என்று அவளுக்குக் கை காட்டினேன்.