பாஸ் எண்டால் மீனோ, ஆளோ?

சிவமயம்

மனோர் பார்க்,
இலண்டன்.
17.03.1996

அன்புள்ள மகள் நிர்மலாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இஞ்சை நானும் கொம்மாவும் முருகன் புண்ணியத்திலை சுகமாய் இருக்கிறம், கொம்மாவின்ர முழங்கால் மட்டும் குளிருக்கு முறைப்பாடு வைக்குது, வாய் நல்ல சுகம். நீ உங்கை அமெரிக்காவிலை சுகமெண்டு உன்ர கடிதத்தாலை அறிஞ்சம். ஆனால் நீ மட்டும்தான் சுகமோ, உன்னோட கூட இன்னும் ஆரும் சுகமாய் இருக்கினமோ எண்டு அறிய ஆவல், அதுக்குத்தான் இந்தக் கடிதம். என்ர எழுத்தைப் பாத்துச் சிரியாதை, நான் ஐஞ்சாம் வகுப்போட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். வழக்கமாய் எழுதிற கொம்மாவைத்தான் எழுதச் சொன்னன், அவ பேனையைத் தொடமாட்டாவாம், கோவமாம். ஏன் கோவமெண்டு கேள், சொல்லுறன்.

நீ போன கடிதத்திலை என்ன எழுதினனி? "இஞ்சை குளிர் விடத் தொடங்கீட்டுது, ஞாயிற்றுக்கிழமையிலை வெள்ளண லேக்குக்குப் போறனான், கிராப்பியும் பாஸும் நல்லாய் வருது, போன கிழமை நான் ஒரு நல்ல பாஸ் பிடிச்சனான்" எண்டு எழுதினனி. மீன் எண்ட சொல்லை ஒரு இடத்திலையாவது போட்டிருக்கக் கூடாதோ பிள்ளை? கொம்மா பெலத்து வாசிச்சுக்கொண்டு வந்தவ அந்த இடத்திலை அப்பிடியே நிண்டிட்டா. இவள் ஒரு பாஸைப் பிடிச்சிட்டாளாமப்பா எண்டா, குரலே மாறிப்போச்சு. நீ சின்னனிலை இஞ்சை வந்ததாலை உனக்கு இது தெரியாது, கொழும்பிலை மேசனும் பாஸ், தச்சு வேலைக்காரனும் பாஸ், கார் திருத்திறவனும் பாஸ், கையாலை வேலை செய்யிற ஆளை மரியாதையாய்க் கூப்பிடுறது அப்பிடித்தான். கிராப்பி எண்டது அந்த ஆளின்ர பேராக்கும், வெள்ளைக்காரப் பேராக்கும் எண்டு கொம்மா தானே ஒரு முடிவுக்கு வந்திட்டா. கிராப்பி பாஸ்! நான் சும்மா இருந்திருக்கலாம், மேசன் எண்டால் நல்லதுதானே, எங்கட குசினிச் சுவர் ஈரம் ஊறுது, மருமோன் வந்து பூசித் தரட்டும் எண்டு சொல்லிப்போட்டன். அண்டைக்கு இரவு எனக்குப் பாணும் பழைய பருப்பும்தான். எனக்கு இன்னொரு புதினமும் இருந்தது, நீ இருக்கிற கென்ரக்கி எண்டால் கோழி பொரிக்கிற இடம் எண்டுதான் நான் இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தனான், அங்கை குளமும் இருக்குதெண்டு இப்பதான் தெரியும்.

கொம்மா இப்பிடிப் பதறுறதுக்கு ஒரு காரணம் இருக்கு. இஞ்சை பிளேஸ்டோவிலை இருக்கிற பாலேந்திரா அண்ணை தன்ர மகனுக்கு உன்னைக் கேட்டிருக்கிறார். பெடியன் கணக்காளர், நல்ல பிள்ளை, ஒரு குறையும் சொல்லேலாது, சிரிப்பை மட்டும் கொஞ்சம் மிச்சம் பிடிக்கிறவன். பங்குனி உத்தரத்துக்குக் கோயிலிலை வைச்சு மறுமொழி சொல்லுறம் எண்டு கொம்மா வாக்குக் குடுத்திட்டா. பாலேந்திரா அண்ணை நடுவிலை நிண்டு கதைக்கிற மனிசனில்லை, ஓம் எண்டால் ஓம், இல்லை எண்டால் இல்லை. நான் ஓமெண்டு சொல்லிப்போட்டு நீ உங்கையிருந்து இல்லையெண்டால் அந்தக் குடும்பத்தின்ர முகத்திலை நான் முழிக்கேலாது. நான் இல்லையெண்டு சொல்லிப்போட்டு நீ உண்மையிலை மீன்தான் பிடிக்கிறாய் எண்டால் கொம்மா என்ர முகத்திலை முழிக்கமாட்டா. உன்னைப் போனிலை கேப்பம் எண்டால், கொம்மா ரெலிபோனுக்குப் பக்கத்திலை கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கிறா, நான் என்னெண்டு வாயைத் திறக்கிறது?

அதாலை நானே விசாரிக்கிறதெண்டு, போன சனிக்கிழமை பெற்றோல் ஷெட்டிலை ஷிப்ட் முடிஞ்ச கையோட வான்ஸ்டெட் பக்கம் இருக்கிற குளத்தடிக்கு நடந்தன். எத்தினை வருசம் அந்த வழியாலை பஸ்ஸிலை போயிருப்பன், அந்தக் குளத்திலை மனிசர் என்ன செய்யினம் எண்டு ஒருநாளும் பாத்ததில்லை. காத்தெண்டால் காதைப் பிடுங்கிற காத்து. ஒரு வெள்ளைக்காரன் பெரிய பச்சைக் குடைக்குக் கீழை ஒரு பெட்டியிலை குந்திக்கொண்டு தண்ணியைப் பாத்துக்கொண்டிருந்தார், பக்கத்திலை ஒரு டப்பாவிலை வெள்ளைப் புழு நெளியுது, அதுக்குப் பக்கத்திலை அவரின்ர சாண்ட்விச், எது ஆருக்கு எண்டு மாறிப்போகாதோ எண்டு எனக்கு ஒரே யோசினை. நான் என்ர இங்கிலிசிலை, மகள் அமெரிக்காவிலை குளத்திலை பாஸ் பிடிக்கிறாள் எண்டு சொன்னன். அந்த மனிசன் சிரிச்சுப்போட்டு, பாஸ் கடல் மீன், குளத்திலை வராது, உன்ர மகள் உன்னைப் பேய்க்காட்டுறாள் எண்டார். கிராப்பி எண்டும் கேட்டுப் பாத்தன், அதுக்கு அவர் என்னை ஒரு மாதிரிப் பாத்தார், அந்தச் சொல்லுக்கு இஞ்சை குப்பை எண்டும் ஒரு கருத்து இருக்காம், பேந்துதான் தெரிஞ்சுது. அவர் ஒரு சின்ன மீன் பிடிச்சார், உள்ளங்கை அளவுதான், ஈரத் துணியாலை ஏந்தி, கொளுவியிருந்த ஊசியைக் கழட்டி, திரும்பத் தண்ணியிலை விட்டிட்டார். குளிருக்கை விறைச்சுக்கொண்டிருந்து பிடிச்சதை ஏன் விட்டனி எண்டு கேட்டன். நாளைக்கும் வரவேணுமெல்லோ எண்டார். மீன் வரவேணுமோ தான் வரவேணுமோ எண்டு அவர் சொல்லேல்லை. நீயும் விடுறனியோ? இல்லாட்டிச் சமைக்கிறனியோ?

வீட்டை வந்து வாயை வைச்சுக்கொண்டு இருந்திருக்கலாம். குளத்திலை பாஸ் எண்டு ஒரு மீனே இல்லையாம் எண்டு சொல்லிப்போட்டன். அவ்வளவுதான். கொம்மா எழும்பிப்போய்ச் சாமி விளக்கைக் கொளுத்திப்போட்டு வந்து, அப்ப அது ஆள்தான் எண்டா. எனக்கு அப்பதான் உண்மையிலை மனம் ஒரு மாதிரிப் போச்சு. எங்களுக்கு மறைக்கிற பிள்ளையில்லையே நீ, ஏன் மீனெண்டு சொல்லிப் பேய்க்காட்டுவாய் எண்டு யோசிச்சன்.

பிறகு எங்கட தெருவிலை இருக்கிற வசந்தமலர், லைப்ரரியிலை வேலை செய்யிற பிள்ளை, அவதான் எங்களைக் காப்பாத்தினது. அமெரிக்காவிலை மீன் பிடிக்கிறதைப் பற்றி ஒரு பெரிய படப் புத்தகத்தை எடுத்துப் போட்டுக் காட்டினா. உங்கை குளத்திலை இருக்கிற பாஸ் வேறையாம், வாய் எண்டால் அப்பிடி ஒரு வாய், கொம்மா பக்கத்திலை நிண்டதாலை நான் ஆரைப்போலை எண்டு சொல்லேல்லை. கிராப்பி வெள்ளியிலை கறுப்புப் புள்ளி போட்டு எங்கட ஒட்டி மீன்மாதிரித் தட்டையாய் வடிவாய் இருக்கு. மாரி முழுக்க ஆழத்திலை கிடக்கிற மீன், தண்ணி கொஞ்சம் சூடேறக் கரைப் பக்கம் வந்து விழுந்து கிடக்கிற மரக் கொப்புகளுக்குக் கீழை ஒதுங்குமாம், அதுதான் இந்த நேரத்திலை கனக்கப் பிடிபடுறது எண்டு வசந்தமலர் வாசிச்சுச் சொன்னா. எங்கள் ஒருதருக்கும் தெரியாமல் இது எப்பிடி மீனுக்குத் தெரியுது எண்டுதான் எனக்கு அதிசயம், மேலை நாங்கள் இன்னும் கோட்டுப் போட்டுக்கொண்டு திரியிறம், அது கீழை கிடந்துகொண்டு சூடு வந்திட்டுதெண்டு அறியுது. இன்னொண்டும் வாசிச்சா. கிராப்பியின்ர வாய் கடதாசி மாதிரி மெல்லிசாம், கொத்தின உடனை வெடுக்கெண்டு இழுத்தால் வாய் கிழிஞ்சு மீன் போயிடுமாம், மெல்ல மெல்லத்தான் எடுக்கவேணுமாம். அதை ரெண்டாந்தரமும் வாசிக்கச் சொல்லிக் கேட்டனான். கொம்மாவுக்குப் படத்தைக் கண்ட உடனை முகம் தெளிஞ்சிட்டுது, இதுக்கு முள்ளுக் கனக்கவோ, பொரிக்கிறதோ, புளி விட்டுக் குழம்பு வைக்கிறதோ எண்டு கேள்விக்கு மேலை கேள்வி, பாவம் வசந்தமலர், அது புத்தகத்திலை இல்லை மாமி எண்டா. அப்ப ஓமெண்டு சொல்லலாம் எண்டு கொம்மா வீட்டை வரேக்கை என்னட்டைச் சொன்னா, ஆனால் மீனெண்டு ஒரு சொல் எழுதாமல் தன்னைப் பதறவைச்சதுக்கு உன்னோட இன்னும் கோவமாம்.

கதை இதோட முடிஞ்சிருக்கும், நான் உன்ர கடித உறைக்குள்ளை ஒட்டிக்கொண்டு கிடந்து பேந்து அம்பிட்ட படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பாராமல் விட்டிருந்தால். நீ வள்ளத்திலை நிண்டு மீனைத் தூக்கிப் பிடிக்கிற படம். கொம்மா அதிலை கண்டது நீ மெலிஞ்சுபோனாய் எண்டதும் காதிலை தோடில்லை எண்டதும்தான். நான் கண்டது வேறை. மீனை ரெண்டு கையாலையும் பிடிச்சிருக்கிறாய், அப்ப படத்தை எடுத்தது ஆர், மற்ற மீனோ? வள்ளத்திலை ரெண்டு கோப்பை இருக்கு. தொப்பி போட்ட ஒரு ஆளின்ர நிழல் உன்ர முகத்திலை விழுந்து கிடக்கு. முதல்லை, படம் எடுக்கத் தெரியாத விசரன் எண்டு நினைச்சன். பேந்து திரும்பப் பாத்தன். சுத்திவர வெய்யில் அடிக்குது, உன்ர கண் மட்டும் கூசேல்லை. படம் பழுதாய்ப் போனாலும் பறவாயில்லை எண்டு அந்த இடத்திலை நிண்டிருக்கிறான் போலை. அவன் மேசனோ தச்சனோ வெள்ளையோ கறுப்போ எங்கட ஆளோ, எனக்கு ஒண்டும் தெரியாது, ஆனால் அறியாமல் நித்திரை வருகுதில்லை.

உனக்கு இதுவரை சொல்லாத ஒண்டைச் சொல்லுறன். கொழும்பிலை நான் கார் திருத்திற கராச் ஒண்டிலை வேலைக்கு நிக்கேக்கை வெள்ளவத்தை முழுக்க என்னை ஆனந்தம் பாஸ் எண்டுதான் கூப்பிடுறது. உன்ர அம்மப்பா வாத்தியார், அவரிட்டை ஒரு பழைய ஒஸ்ரின் கார் இருந்தது, அது நெடுக நிண்டுபோகும், தள்ளிக்கொண்டு எங்கட கராச்சுக்குத்தான் வருவினம். திறந்து பாத்தால் ஒரு வயர் மட்டும் கழண்டிருக்கும். ஆர் கழட்டிறது எண்டு நான் ஒருநாளும் கேக்கேல்லை, பூட்டிப் பூட்டி அனுப்பினன். கொம்மாவின்ர விரலிலை கிறீஸ் பிரண்டிருந்ததை ஒருநாள் அம்மப்பா கண்டிட்டார், அண்டைக்கு அவர் தெருவே கேக்கக் கத்தினது என்ன தெரியுமோ, என்ர மகள் போயும் போயும் ஒரு பாஸைப் பிடிச்சிட்டாள் எண்டுதான். உன்ர கடிதத்திலை கொம்மா ஏன் அந்த இடத்திலை நிண்டவ எண்டு இப்ப விளங்குதோ? அவ பயந்தது உன்னை நினைச்சு மட்டுமில்லை.

ஆனபடியால் பிள்ளை, பங்குனி உத்தரத்துக்கு முந்தி ஒருக்காப் போன் எடு. கொம்மா எடுத்தால் முழங்காலைப் பற்றிக் கேள், பேந்து அப்பாட்டைக் குடுங்கோ எண்டு சொல்லு. என்னட்டை ஒரு சொல்லுத்தான் சொல்லவேணும். மீன் எண்டு சொன்னால் மீன், நான் பாலேந்திரா அண்ணைக்கு ஓமெண்டு சொல்லுறதோ எண்டு பேந்து உன்னட்டைக் கேட்டுத்தான் செய்வன். பாஸ் எண்டு சொன்னால் பாஸ், பாலேந்திரா அண்ணைக்கு இல்லையெண்டு நான் சொல்லுவன், கொம்மாவுக்கும் நான்தான் சொல்லுவன். அதுக்கு மேலை ஒண்டும் கேக்கமாட்டன், பேர் கூடக் கேக்கமாட்டன், கடதாசி வாயை வெடுக்கெண்டு இழுக்கக் கூடாதெண்டு படிச்சிட்டனெல்லோ. கொம்மா கொஞ்ச நாள் சத்தம் போடுவா, எனக்குக் கொஞ்ச நாள் பழைய பருப்புத்தான். நீ பயப்பிடாதை, கொம்மாவுக்கு ஒரு பாஸோட இருந்து நல்ல பழக்கம்.

முருகன் எப்பவும் உனக்குத் துணை நிப்பார், நீயும் உன்னோட வள்ளத்திலை ஏறுற ஆளும் சுகமாய்க் கரை சேரவேணும். உனக்கு நீந்தத் தெரியாது, வள்ளத்திலை ஏறினால் அந்த மிதக்கிற சட்டையைக் கழட்டாதை, காதை மூடிக் கட்டு. அடுத்த படம் எடுக்கேக்கை கமராவை உன்ர கையிலை வாங்கி நீ எடு, தொப்பியைக் கழட்டச் சொல்லிப்போட்டு.

இப்படிக்கு,
உன்ர அன்பு அப்பா
ஆனந்தராஜா பாஸ்