ஏகாதசி கழிந்த ஞாயிறு

புத்தூர், திருச்சினாப்பள்ளி
மார்கழி, 1936

சௌபாக்கியவதி மன்னிக்கு வேதவதி அநேக நமஸ்காரம்.

எழுதுவதற்கே மன்னிக்க வேண்டும். என் எழுத்து இனி அகத்துக்குள் வரக்கூடாது என்று அண்ணா சொல்லிவிட்டார். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

அம்மாவுக்கு இழுப்பு எப்படி இருக்கிறது? இந்தப் பனியிலும் விடியற்காலம் கோயிலுக்குப் போகாமல் இருக்கமாட்டாள்.

அண்ணா போன வாரம் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். நான் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டால், “மறுநாளே எல்லாருமாகக் காவேரியில் தலை முழுகிவிடுவோம், அதோடு எனக்குத் தங்கை செத்தாள்” என்றார். பிறகு நீங்கள் கொடுத்தனுப்பிய புளிக்காய்ச்சல் ஜாடியை வாசல்காரனிடம் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனார். பத்து வயதில் தாலி இழந்தவளை ஊரார் ஏசியும் பி.ஏ. வரை படிக்க வைத்தவர். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

நான் இந்த மிஷன் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்கு வந்தபோது, “துரைசானி உன்னை ரொட்டி தின்ன வச்சுடப்போறா, ஜாக்கிரதை” என்று சிரித்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? சத்தியமாகச் சொல்கிறேன், யாரும் என்னை ஒன்றும் செய்யவில்லை. ஜெப நேரத்தில் வருஷக்கணக்காக வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். சோறு போட்டு ஆள் பிடிக்கிறார்கள் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஐப்பசியில் அமிர்தம் என்று ஒரு குழந்தை விடுதியில் விஷ ஜுரத்தில் கிடந்தாள். உப்பிலியபுரத்துப் பக்கம். ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபம் பண்ணச் சொன்னாள். எனக்குத் தெரியாது என்றேன். “சும்மா பேசுங்க டீச்சர், கேப்பாரு” என்றாள். பேசினேன். அவளைப் பிழைக்க வைக்கும்படி கெஞ்சினேன். மறுநாள் போய்விட்டாள்.

அவளை அடக்கம் பண்ணும்போது வழக்கம்போல ஒதுங்கி நின்றேன். அவள் தகப்பனார் வீரமலை என்னைக் கூப்பிட்டு, முதல் பிடி மண் நான்தான் போடவேண்டும் என்றார். நான் கைம்பெண், வேண்டாம் என்றேன். “கடைசி வரைக்கும் நீங்கதானேம்மா கையைப் புடிச்சிருந்தீங்க” என்று அழுதார். போட்டேன்.

அன்று முழுக்கக் கோபத்தில் வேதப் புத்தகத்தைப் புரட்டினேன். அவர் சிலுவையில் சாகும்போது தூரத்தில் நின்று பார்த்தவர்கள் பெண்கள். அவர் எழுந்த செய்தியும் முதலில் அவர்களுக்குத்தான். யாராவது வெளியே கிளம்பினால் எதிரே வராமல் உள்ளே ஒளிந்துகொண்டவள் நான், மன்னி. அந்த இடத்தை விட்டு என்னால் மேலே படிக்க முடியவில்லை. குழந்தையை ஏன் எடுத்துக்கொண்டார் என்று இன்னும் எனக்குத் தெரியாது. தினமும் அவரிடம் சண்டை போடுகிறேன். ஆனால் அவர் இல்லை என்று மட்டும் இப்போது சொல்ல முடியவில்லை.

ஞானஸ்நானம் முன்பே ஆகியிருக்கவேண்டியது. அகத்தில் தீட்டு என்றாகி அம்மா சொர்க்கவாசல் சேவிக்க முடியாமல் போய்விடுமே என்று, ஏகாதசி கழிந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி வைக்கச் சொன்னேன். பாதிரியாருக்கு விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கும்.

எனக்குத் தாலி கட்டியவர் போன செய்தி வந்தபோது என்னையும் இப்படி ஒரு விடியலில் ஆற்றுக்கு அழைத்துப்போனார்கள். அந்தப் பையன் முகம்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. குளிரில் பல் கிட்டிப்போய் நின்றேன். எல்லாரும் அழுதார்கள். அம்மா மட்டும் அழாமல் தன் புடவைத் தலைப்பைப் பிழிந்து, என் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தாள்.

என்னைத் தலை முழுக வேண்டாம் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். திங்கட்கிழமை அம்மாவை ஆற்றுக்கு அழைத்துப்போகாதீர்கள். கொல்லையில் வெந்நீர் வைத்துக் கொடுங்கள். சாவுத் தீட்டுக்கு வெந்நீரா என்று மறுப்பாள். டாக்டர் சொன்னார் என்று சொல்லுங்கள், என் பெயர் வேண்டாம். குளித்ததும், தலையை நன்றாகத் துவட்டிவிடுங்கள், மன்னி.

இப்படிக்கு,
வேதா