கட்டைவிரலும் இரண்டு நாற்காலிகளும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் இங்கே சௌக்கியம். நீயும் உன்னோடு வாசிக்கிற மூன்று பேரும் சௌக்கியமா என்பதை நீ வாயால் சொல்லித்தான் கேட்க வேண்டும், போனில் வருகிற படங்களை வைத்து எனக்கு ஒன்றும் தெரிவதில்லை, எல்லாப் படத்திலும் ஒரே மாதிரிதான் சிரிக்கிறீர்கள். அம்மாவின் கண் நன்றாக ஆறிவிட்டது. கறுப்புக் கண்ணாடியைப் போன வியாழக்கிழமை கழற்றச் சொல்லிவிட்டார்கள். கழற்றிய கையோடு வீட்டைச் சுற்றி வந்தவள், ஒரு மாதமாக நான் பெருக்கிய லட்சணம் மூலைக்கு மூலை தெரிகிறது என்றாள். சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. முப்பத்தொரு வருஷம் ஊருக்கெல்லாம் தண்ணீர் ஏற்றிவிட்ட மனுஷனுக்கு வீட்டுக் குழாயில் ஒரு வாஷர் மாற்றத் துப்பில்லை என்று மாடி வீட்டுக்காரரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். மாற்றிவிடுவேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பதினைந்து நாளாக உன்னிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. அதற்கு முன்னால் ஒரு நாளைக்கு ஐந்தாறு வரும். நிகழ்ச்சிக்கு இன்னும் பத்து நாள், ஒன்பது நாள், மேளக்காரப் பையன் புதுச் சட்டை வாங்கினான், ஒலி சரிபார்க்கிறோம், மறந்துவிடாதீர்கள், இன்றைக்குத்தான் என்று வரிசையாக வரும். போன வருஷம் நான் இதைப் பற்றிக் கேட்டபோது, என்னப்பா பண்றது, எல்லார் போன்லயும் எல்லாரும் கூவிக்கிட்டே இருக்காங்க, நாலு தடவை அனுப்பினாத்தான் ஒருத்தராவது திரும்பிப் பாக்குறாங்க, பாட்டுக்கு ரெண்டு மணி நேரம்னா இதுக்கு நாலு மணி நேரம் போகுதுன்னு நீ சொன்னாய். உன் மேல் தப்பில்லை. தப்பு எங்கே நடந்தது என்று நான் யோசித்துக் கண்டுபிடித்ததை எழுதுகிறேன், சாக்குச் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே.

நான் வேலை பார்த்த நீரேற்று நிலையத்தின் கட்டுப்பாட்டு அறை உனக்கு நினைவிருக்கும், பள்ளிக்கூடம் விட்டு வந்து அங்கே ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறாய். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன விளக்குகள். எங்கேயாவது கோளாறு என்றால் விளக்கு எரியும், மணி அடிக்கும். கீழே ஒரு பொத்தான், அதை அமுக்கினால் மணி நின்றுவிடும், விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். பார்த்துவிட்டேன் என்று அதற்கு அர்த்தமே தவிர சரிசெய்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. ஒரு வருஷம் புதிதாக வந்த இன்ஜினீயர் எதற்கெடுத்தாலும் மணி அடிக்கும்படி மாற்றிவிட்டுப் போனார். கதவு திறந்தால் மணி, மின்விசிறி நின்றால் மணி, ஒரு ஷிப்டுக்கு இருநூறு தடவை. ஒரே மாதத்தில் நாங்கள் யாரும் தலையைத் தூக்கிப் பார்ப்பதை விட்டுவிட்டோம், பேச்சு அதுபாட்டுக்கு நடக்கும், கை மட்டும் தானாகப் போய் அமுக்கிவிட்டு வரும். உன் செய்திகளையும் நான் அப்படித்தான் அமுக்கியிருக்கிறேன். செய்திக்குக் கீழே கட்டைவிரல் படம் போடுவதற்கு நீதான் சொல்லிக் கொடுத்தாய். வந்தவுடன் ஒரு கட்டைவிரல், என் வேலை முடிந்தது என்று போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

அம்மா கண்ணாடியைக் கழற்றிய அன்று சாயங்காலமே போனை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். டாக்டர் ஒரு மாதம் திரையே பார்க்கக் கூடாது என்றதால் அத்தனையும் அவளுக்குப் பாக்கி. நாளிதழ் படிப்பது மாதிரி முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். உனக்குத் தொண்டை கட்டி நிகழ்ச்சி ரத்தான செய்திக்கு நான் கட்டைவிரல் போட்டிருந்தேன். கிடார் பெட்டியின் பிடி பேருந்தில் அறுந்துபோனதற்கும் போட்டிருந்தேன். அதற்கெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் நிறுத்திவிட்டு போனை என்னிடம் நீட்டினாள். மற்றதில் இருக்கிற மாதிரி படமில்லை, நட்சத்திரமில்லை, வெறும் எழுத்து. அப்பா, இது உங்களுக்கும் அம்மாவுக்கும் மட்டும், பன்னிரண்டாம் தேதி பக்கத்து மாவட்ட நூலக மாடியில பாடறோம், மறுநாளே வேற ஊர், வீட்டுக்கு வர நேரமில்ல, நீங்கதான் வரணும், ரெண்டு சீட் பிடிச்சு வைக்கிறேன், வருவீங்களா என்று கேட்டிருந்தாய். அதன் கீழே என் கட்டைவிரல். பொண்ணு கூப்பிட்டிருக்கா, நீங்க விரலைக் காட்டியிருக்கீங்க என்றாள் அம்மா. அதோடு எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள், திட்டியிருந்தால் தேவலை. ஆபரேஷனுக்கு மறுவாரம் நீ போனில் பேசியபோது, மெசேஜ் பாத்தீங்களாப்பா என்று கேட்டாய், எல்லாம் பாத்தாச்சும்மா என்றேன், அதுவும் இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. கண்ணைக் காரணம் சொல்லலாம் என்று பார்த்தேன், அதுவும் முடியாது, கண்ணாடி போட்டுக்கொண்டு வெளியே போகலாம் என்று டாக்டர் பன்னிரண்டாம் தேதிக்கு முன்பே சொல்லியிருந்தார்.

உடனே உன்னைக் கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். சனிக்கிழமை காலை பேருந்து பிடித்து நாங்கள் இரண்டு பேரும் அந்த நூலகத்துக்குப் போனோம். போய் என்ன ஆகப்போகிறது என்று நான் கேட்டதற்கு, எனக்கு இடத்தையாவது பாக்கணும் என்றாள் அம்மா. மூன்று மணி நேரப் பயணம், பாதி நேரம் தூங்கினாள். மாடி அரங்கத்தைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் சாவிக்கொத்தோடு வந்து, இன்னைக்கு ஒண்ணும் கிடையாதே என்றார். பதினைந்து நாளுக்கு முன்னால் நடந்ததைப் பார்க்க வந்தோம் என்று நான் உளறினேன். அம்மா விவரம் சொன்னதும் அவர் எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார். முப்பது பேர் வந்திருந்தால் அதிகம் என்று நினைத்துக்கொண்டுதான் நான் படியேறினேன். அவர் சொன்னார், அன்னைக்கு உக்கார இடமில்லைங்க, பின்னாடி சுவரோரம் நின்னாங்க, அந்தப் பொண்ணு மட்டும் முன்னாடி ரெண்டு சீட்டைக் கடைசிப் பாட்டு வரைக்கும் யாருக்கும் விடல, வழியில இருக்காங்க வந்துடுவாங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு என்று. எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு அங்கே வேறு நிகழ்ச்சி நடக்கவில்லையாம், நான் இன்னும் சரியாப் பெருக்கக்கூட இல்ல என்று சங்கடத்தோடு சொல்லிக்கொண்டே விளக்கைப் போட்டார். நாற்காலிகளின் முதுகில் காகிதம் அப்படியே ஒட்டியிருந்தது. அப்பா, அம்மா என்று உன் கையெழுத்து. நாங்கள் அந்த நாற்காலிகளில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். அந்த அம்மாள் வெளியே போய் நின்றுகொண்டார்.

புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, இருந்தாலும் ஒன்று. ஊருக்கு நூறு தடவை அனுப்பு, அது உன் பிழைப்பு. எங்களை நிஜமாகக் கூப்பிடுவதென்றால் போன் செய்து, அப்பா தலையைத் தூக்குங்கள் என்று சொல். நானும் இனிமேல் கட்டைவிரல் போடுவதில்லை, எழுத்துக் கூட்டியாவது ஒரு வரி எழுதுவேன். அடுத்த மாதம் இருபதாம் தேதி நீங்கள் பாடுகிற ஊருக்கு இரவு முழுக்க ரயில், இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன். இடமில்லை என்றால் சுவரோரம் நிற்போம், எனக்கு நின்று வேலை செய்த கால்தான், அம்மாவுக்கு மட்டும் ஒரு ஸ்டூல் பார்த்து வை. தொண்டையைக் கவனித்துக்கொள், வெந்நீர் குடி, கிடார் பெட்டிக்கு நல்ல பிடியாகப் போடு. நீ எந்த ஊரில் நின்று பாடினாலும் நன்றாக இருக்க வேண்டும், உனக்கு எங்கள் ஆசி எப்போதும் உண்டு. அம்மா என்று நீ எழுதிய காகிதத்தை உன் அம்மா கொடுக்க மாட்டேன் என்கிறாள், பர்ஸில் வைத்திருக்கிறாள். அப்பா என்று எழுதியதை இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன். பசை போய்விட்டது, மறக்காமல் புது டேப் வாங்கி ஒட்டு.

இப்படிக்கு,
முன்வரிசை, இடமிருந்து இரண்டாவது நாற்காலி,
அப்பா